சிலந்திகளைக் கணக்கெடுத்த அகதி

1816இல் குடும்பத்தோடு அமெரிக்காவுக்கு வந்து சேர்ந்தபோது நிக்கொலஸ் மார்செலஸ் ஹென்ற்ஸுக்கு இன்னும் 20 வயது ஆகவில்லை. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் மன்னரின் மரணதண்டனைக்கு வாக்களித்தவர்களில் அவருடைய தந்தையும் ஒருவர். நெப்போலியன் வீழ்ந்து மன்னராட்சி திரும்பியதும் அப்படியானவர்களை நாடுகடத்தச் சட்டம் வந்தது. தகப்பனின் அரசியலுக்காகப் பிள்ளைகளும் ஊரைவிட்டுப் புறப்படுவது எங்களுக்குப் புதிய கதையல்ல.

பாரிஸில் அவர் சிற்றோவியம் வரையப் பழகியிருந்தார். மருத்துவமும் கொஞ்சம் படித்திருந்தார். ஆனால் வந்த இடத்தில் சோறு போட்டது பிரெஞ்சு மொழிதான். மாசச்சூசெற்ஸில் பள்ளி ஆசிரியர், 1826 முதல் வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். பிறகு மனைவி கரொலினுடன் பள்ளிகள் நடத்தியபடி கென்ரக்கி, சின்சினாற்றி, அலபாமா, ஜோர்ஜியா என்று ஊர் மாறிக்கொண்டே இருந்தார்.

போன ஊரெல்லாம் சிலந்தி தேடினார். அமெரிக்காவில் வண்டும் வண்ணத்துப்பூச்சியும் சேர்ப்பவர்கள் அப்போதே இருந்தார்கள். சிலந்திப் பக்கம், அதுவும் தென்மாநிலங்களில், மிகச் சிலரே போனார்கள். காரணம் உண்டு. வண்டை உலர்த்தி ஊசி குத்திப் பெட்டியில் வைக்கலாம். சிலந்தி உலர்ந்தால் சுருங்கிவிடும். சாராயத்தில் போட்டால் நிறம் போய்விடும். ஆகவே நிறம் மாறுமுன் பார்த்து வரைய வேண்டும். எட்டுக் கண்களும் எப்படி அமைந்திருக்கின்றன, எந்தக் கால் நீளம், வலை பின்னுமா, பாய்ந்து பிடிக்குமா என்று ஒவ்வொன்றாகப் பதிய வேண்டும். பாரிஸில் பழகிய கை அங்கேதான் உதவியது. நூற்றுக்கும் மேற்பட்ட இனங்களை அவர் விவரித்தார். அவற்றில் பெரும்பகுதி 1842 முதல் 1850 வரை பொஸ்ரன் இயற்கை வரலாற்றுச் சஞ்சிகையில் வந்தது.

அவர் சேர்த்த மாதிரிகள் பின்னர் அழிந்துபோயின. கணக்குத் தொழிலில் இருப்பவனுக்கு இது விளங்கும்: பற்றுச்சீட்டெல்லாம் தொலைந்து பேரேடு மட்டும் மிஞ்சிய நிலை. பதிவு ஒழுங்காக இருந்தபடியால், அவருடைய படங்களையும் குறிப்புகளையும் வைத்தே பின்வந்தவர்கள் பல இனங்களை அடையாளம் கண்டார்கள்.

இந்தக் கணக்கில் செலவுப் பக்கத்தைச் சுமந்தவர் கரொலின். பள்ளியையும் பிள்ளைகளையும் பார்த்தார். 1849 அளவில் கணவரின் உடல்நலம் கெட்டபின் நாவல் எழுதிக் குடும்பத்தைக் காப்பாற்றினார். அவற்றில் ஒன்று, 1854இல் வந்தது, அடிமைமுறைக்குப் பரிந்து பேசியது. நாடுகடத்தப்பட்ட ஒருவரின் வீட்டிலிருந்து அப்படியொரு புத்தகம் வந்ததை என்னால் இலகுவில் கடந்துபோக முடியவில்லை.

1856இல் புளோரிடாவின் மரியானாவில் முதலில் அவரும், சில மாதங்களில் ஹென்ற்ஸும் இறந்தார்கள். சிதறிக் கிடந்த கட்டுரைகளைப் பொஸ்ரன் இயற்கை வரலாற்றுச் சங்கம் திரட்டி ஒரே நூலாக வெளியிட்டது 1875இல்.

புளோரிடாவிலோ ரெக்சாஸிலோ இருப்பவர்கள் வீட்டுச் செடிகளில் இலைப்பச்சை நிறத்தில், முள்முள்ளான கால்களோடு ஒரு சிலந்தியைக் கண்டிருப்பீர்கள். வலை கட்டாது, பதுங்கியிருந்து பாயும். தாய்ச் சிலந்தி முட்டைப் பையைக் காவல் காத்துக்கொண்டிருக்கும். அதன் அறிவியற் பெயர் பியூசெற்றியா விரிடான்ஸ். அந்தப் பெயருக்குப் பின்னால் ஹென்ற்ஸ், 1832 என்று இன்றும் எழுதுகிறார்கள்.