கோவையை அளக்க வந்த வில்லியம் லாம்ப்டன்: டோபோ ஷீட்டில் இருக்கும் அந்தச் சின்ன முக்கோணத்தின் கதை

செல்போன் மேப் வழி சொல்லும். ஆனால் அந்த வழி ஏறுதா, இறங்குதா, மழைக்காலத்தில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடி வரும் என்பதைப் பெரும்பாலும் சொல்லாது. அதற்கு இருப்பதுதான் டோபோ ஷீட் எனப்படும் நில அமைப்பு வரைபடம். சர்வே ஆஃப் இந்தியா வெளியிடும் இந்த ஷீட்டை விரித்தால், மலை உச்சிகளில் சின்னதாக ஒரு முக்கோணமும் பக்கத்தில் ஒரு எண்ணும் இருக்கும். எண் அந்த இடத்தின் உயரம், கடல் மட்டத்திலிருந்து மீட்டரில். சரி, முக்கோணம் எதற்கு?

அதற்கான பதில் 220 ஆண்டுகளுக்கு முன்னால் சங்கிலியும் தியோடலைட்டும் தூக்கிக்கொண்டு கொங்கு நாட்டுக்கு வந்த ஒரு ராணுவ அதிகாரியிடம் இருக்கிறது. பெயர் வில்லியம் லாம்ப்டன்.

யார் இவர்?

இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் ஒரு சாதாரண விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். கணக்கில் கெட்டிக்காரர். ராணுவத்தில் சேர்ந்து அமெரிக்க விடுதலைப் போரில் பிரிட்டிஷ் தரப்பில் போய்ச் சிறைப்பட்டார். பிறகு கனடா பக்கம் பல வருடம் பெரிய பதவி எதுவும் இல்லாமலே ஓடியது. அந்தச் சும்மா இருந்த காலத்தில்தான் கணிதமும் நில அளவையும் படித்துத் தேறினார். இந்தியாவுக்கு வந்தபோது வயது நாற்பதைத் தாண்டிவிட்டது.

1799-ல் திப்பு சுல்தானுக்கு எதிரான சீரங்கப்பட்டணப் போர். ஓர் இரவு, ஜெனரல் பெயர்ட் தலைமையில் ஒரு படை முகாமுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. வானத்து நட்சத்திரங்களைப் பார்த்த லாம்ப்டனுக்கு ஒரு விஷயம் உறுத்தியது. படை போய்க்கொண்டிருப்பது முகாமை நோக்கி அல்ல, நேராக எதிரியை நோக்கி. சொன்னார். ஜெனரல் முதலில் நம்பவில்லை. பிறகு திசைகாட்டியை எடுத்துப் பார்த்தால், லாம்ப்டன் சொன்னதுதான் சரி. திசை தெரியாமல் நடந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் வேண்டுமா?

போர் முடிந்து கோவைப் பகுதி கிழக்கிந்திய கம்பெனி கைக்குப் போனது. பிடித்த நிலத்தை ஆள, வரி வசூலிக்க, படை நகர்த்த கம்பெனிக்கு மேப் தேவைப்பட்டது. இதை மறைக்க வேண்டியதில்லை, பணம் வந்தது அதற்காகத்தான். ஆனால் லாம்ப்டனின் ஆசை வேறு. பூமி எவ்வளவு வளைந்திருக்கிறது என்பதை அளந்து பார்த்துவிட வேண்டும் என்பது அவருக்கு ஒரு வெறியாகவே இருந்தது.

ஒரு கோட்டை அளந்தால் நாட்டையே அளக்கலாம்

அவர் கையாண்ட முறை நம் பள்ளிக்கூட ஜியோமெட்ரிதான். ஒரு முக்கோணத்தில் ஒரு பக்கத்தின் நீளமும் இரண்டு கோணங்களும் தெரிந்தால் மற்ற இரண்டு பக்கங்களையும் கணக்குப் போட்டே கண்டுபிடிக்கலாம். அப்படிக் கிடைத்த பக்கத்தை வைத்து அடுத்த முக்கோணம், அதிலிருந்து இன்னொன்று. மலை உச்சிக்கு மலை உச்சி தியோடலைட்டில் கோணம் பார்த்துக்கொண்டே போனால் காடு, ஆறு எதையும் சங்கிலி வைத்து அளக்க வேண்டியதில்லை.

ஆனால் அந்த முதல் பக்கம், அதாவது பேஸ்லைன், மிகத் துல்லியமாக இருக்க வேண்டும். 1802 ஏப்ரல் 10-ல் சென்னை பரங்கிமலை அருகே முதல் கோட்டை அளக்க ஆரம்பித்தார். 100 அடி நீள இரும்புச் சங்கிலி. வெயிலில் இரும்பு நீளும் இல்லையா? அதனால் சங்கிலியை மரப்பெட்டிகளுக்குள் வைத்து, தெர்மாமீட்டரில் சூடு பார்த்துப் பார்த்து அளந்தார்கள். சுமார் 7.5 மைல் தூரத்துக்கு 57 நாள் ஆனது!

கோணம் அளக்கும் பெரிய தியோடலைட்டின் எடை ஏறக்குறைய அரை டன். லண்டனில் செய்து கப்பலில் வரும்போது பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து மொரீஷியஸ் கொண்டுபோய்விட்டார்கள். அறிவியல் கருவி என்று தெரிந்ததும் மரியாதையாகத் திருப்பி அனுப்பிவைத்தார்கள். எதிரி நாட்டுப் பொருளுக்கு இந்த மரியாதை இன்று கிடைக்குமா என்பது சந்தேகம்தான்.

முதலில் கிழக்குக் கரையிலிருந்து மேற்குக் கரைக்கு முக்கோணம் போட்டார். அதில் ஒரு பெரிய தவறு வெளியே வந்தது. பழைய மேப்களில் சுமார் 400 மைல் அகலம் என்று இருந்த தீபகற்பம் நிஜத்தில் 360 மைல்தான். 40 மைல் நிலம் காகிதத்தில் மட்டுமே இருந்திருக்கிறது!

கோவையில் என்ன நடந்தது?

பெங்களூரிலிருந்து தெற்கே கன்னியாகுமரி வரை ஒரு நீண்ட முக்கோணச் சங்கிலியை இழுத்தார் லாம்ப்டன். ‘கிரேட் ஆர்க்’ என்று பின்னால் பெயர் பெற்றது இதுதான். வழியில் 1806-ல் கோவைச் சமவெளியில் மறுபடி ஒரு பேஸ்லைனை அளந்தார். ஏன் மறுபடியும்? சரிபார்க்கத்தான். முக்கோணக் கணக்கில் வந்த நீளமும் தரையில் சங்கிலி காட்டும் நீளமும் ஒத்துப்போனால் இடையில் போட்ட கோணங்கள் எல்லாம் சரி. பெங்களூரில் இப்படி ஒப்பிட்டபோது, ஏழு மைல் கோட்டில் வித்தியாசம் நாலு அங்குலத்துக்குள்தான் வந்தது.

கொங்கில் அவர் நட்சத்திரம் பார்த்து அட்சரேகை குறித்த இடம் பச்சாபாளையம். அந்தப் பெயரில் நம்ம பக்கம் ஒன்றுக்கு மேல் ஊர் உண்டு. அவர் குறித்தது 11 டிகிரிக்கு மயிரிழை தெற்கே. இந்த 11 டிகிரிக் கோடு கோவை வழியாகவே போகிறது. அதனால்தான் பழைய வரிசை டோபோ ஷீட் வாங்கப் போனால் நகரின் வடக்குப் பகுதிக்கு 58 ஏ/16, தெற்குப் பகுதிக்கு 58 பி/13 என்று இரண்டு ஷீட் கேட்க வேண்டியிருக்கும். ஈரோட்டுக்கு 58 இ/11.

ஷீட்டை எப்படிப் படிப்பது?

ஒன்று சொல்லிவிட வேண்டும், லாம்ப்டன் போட்டது எலும்புக்கூடு. சதை பின்னால் வந்த சர்வேயர்கள் சேர்த்தது. இன்று நாம் பார்க்கும் வண்ணமும் கான்டூர் கோடுகளும் இந்திய ஷீட்களில் முறையாக வந்தது 20-ம் நூற்றாண்டில்தான்.

கான்டூர் என்றால் ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களை இணைக்கும் பழுப்பு நிறக் கோடு. 1:50,000 ஷீட்டில் 2 செ.மீ. என்றால் தரையில் 1 கி.மீ. ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் பொதுவாக 20 மீட்டர் உயர வித்தியாசம். ஊட்டி மலை ரயில் 326 மீட்டரில் கிளம்பி 2,203 மீட்டர் வரை ஏறுகிறது. கணக்குப் போட்டால் சுமார் 94 கோடுகளைத் தாண்டி ஏறுகிறது என்று அர்த்தம். கோடுகள் நெருக்கமாக இருந்தால் செங்குத்து, விலகி இருந்தால் சமவெளி. குன்னூர் மலைச்சரிவையும் சூலூர் பக்கத்தையும் அடுத்தடுத்துப் பார்த்தாலே கண்ணுக்குப் பிடிபட்டுவிடும்.

அடுத்தது முக்கியம். கான்டூர் கோடு ஆங்கில ‘வி’ மாதிரி மடங்கி, அதன் கூர்முனை மேட்டுப் பக்கம் காட்டினால் அது பள்ளம், தண்ணீர் இறங்கும் வழி. முனை தாழ்வுப் பக்கம் காட்டினால் அது மலையின் நீட்டு முகடு. தண்ணீர் இருக்கும் ஆறு நீலத்தில் இருக்கும். வறண்டு கிடக்கும் ஓடை கருப்புக் கோடு. கோவையில் ஓடையைப் ‘பள்ளம்’ என்றே சொல்கிறோம், சங்கனூர் பள்ளம் மாதிரி. வருடத்தில் பத்து மாதம் காய்ந்து கிடக்கும் இடத்தை யாரும் ஓடை என்று நினைப்பதில்லை. சைட் வாங்கும்போது புரோக்கரும் சொல்ல மாட்டார். ஆனால் பழைய ஷீட்டில் அந்தக் கருப்புக் கோடு அப்படியே இருக்கும். பத்திரம், வில்லங்கச் சான்று எல்லாம் பார்க்கிறவர்கள் இதையும் ஒருமுறை பார்ப்பது நல்லது. சர்வே ஆஃப் இந்தியா 2017-லிருந்தே 1:50,000 ஷீட்களை இந்தியக் குடிமக்கள் இலவசமாக டவுன்லோட் செய்ய விட்டிருக்கிறது.

தஞ்சாவூரில் நடந்த விபத்து

கொங்கைத் தாண்டியதும் லாம்ப்டனுக்குச் சிக்கல். தஞ்சைப் பக்கம் மலையே கிடையாது, எங்கே ஏறிக் கோணம் பார்ப்பது? கோயில் கோபுரங்களில் ஏறினார். 1808-ல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்துக்குக் கயிறு கட்டி தியோடலைட்டைத் தூக்கும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நசுங்கியது. வேறு யாராக இருந்தாலும் லண்டனுக்குக் கடிதம் எழுதிவிட்டுக் காத்திருப்பார்கள். இவர் ஆறு வாரம் கூடாரத்துக்குள் உட்கார்ந்து, நசுங்கிய வட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து நிமிர்த்தி மறுபடி வேலைக்குக் கொண்டுவந்தார்.

இப்படியே 20 வருடம். வீடு என்று எதுவும் இல்லை, முகாம்தான். கருவி சுமந்தவர்கள், கொடி பிடித்து நின்றவர்கள், காட்டுக் காய்ச்சலில் செத்தவர்கள் என்று கூடவே நடந்த நம் ஆட்களின் பெயர்கள் பெரும்பாலும் எங்கும் எழுதப்படவில்லை.

1823 ஜனவரி 20. ஹைதராபாத்திலிருந்து நாக்பூருக்கு முகாம் மாறும் வழியில், மகாராஷ்டிராவின் ஹிங்கன்காட்டில் லாம்ப்டன் இறந்தார். வயது எழுபதை ஒட்டி. கல்லறையும் அங்கேதான். வேலையை உதவியாளர் ஜார்ஜ் எவரெஸ்ட் எடுத்துக்கொண்டு இமயமலை அடிவாரம் வரை கொண்டுபோனார். அந்த அளவையின் தொடர்ச்சியில் கண்டுபிடித்த உலகின் மிக உயரமான சிகரத்துக்கு 1865-ல் எவரெஸ்ட் என்று பெயர் வைத்தார்கள். லாம்ப்டன் பெயரில் அப்படி எந்தச் சிகரமும் இல்லை. ஷீட்டில் முக்கோணம் மட்டும் இருக்கிறது.