காலில்லாப் பறவையைத் தேடி

கால்களே இல்லாத பறவை ஒன்று உண்டு. அது மண்ணில் இறங்காமல் விண்ணிலேயே மிதந்து வாழும் என்று ஐரோப்பியர் நெடுங்காலம் நம்பினர். நியூகினித் தீவுப் பகுதியிலிருந்து வணிகர் கொண்டுவந்த பறவைத் தோல்களில் கால்கள் நீக்கப்பட்டிருந்ததே இதற்குக் காரணம். 1758ஆம் ஆண்டு லின்னேயஸ் அதற்குக் காலற்றது என்னும் பொருளிலேயே அறிவியல் பெயர் சூட்டினார். சொர்க்கப்பறவை எனப்பட்ட அவ்வினத்தை அதன் காட்டிலேயே காணப் புறப்பட்டவர் ஆல்பிரட் ரசல் வாலஸ்.

வேல்ஸ் நாட்டில் 1823ஆம் ஆண்டு பிறந்த வாலஸ், வறுமையால் பதினான்கு வயதில் பள்ளியை விட்டார். நில அளவைப் பணி செய்துகொண்டே செடிகளையும் பூச்சிகளையும் கற்றார். 1848இல் அமேசான் காடுகளுக்குச் சென்று நான்கு ஆண்டுகள் உழைத்தார். திரும்பும் வழியில் கப்பல் தீப்பற்றியது. அவருடன் வந்த தொகுப்புகள் கடலில் அழிந்தன. பத்து நாள்கள் படகில் தத்தளித்து உயிர் பிழைத்தார். ஆயினும் அவர் மனம் தளரவில்லை. 1854இல் மலாய்த் தீவுக்கூட்டத்துக்குக் கப்பலேறினார்.

1857இல் ஆரு தீவுகளை அடைந்தார். அங்கே ஒருநாள் அவருடைய உதவியாளன் சிறு பறவை ஒன்றைக் கொண்டுவந்தான். செந்நிற உடலும் வெண்ணிற வயிறும் நீலக் கால்களும் கொண்ட அரச சொர்க்கப்பறவை அது! வாலிலிருந்து நீண்ட இரு மெல்லிய கம்பிகளின் நுனியில் மரகதச் சுருள்கள் மின்னின. 

பெரிய சொர்க்கப்பறவையோ எளிதில் அகப்படவில்லை. விடியலுக்கு முன்பே அதன் குரல் காடெங்கும் ஒலித்தது. உருவம் உயர்ந்த மரங்களின் தழைகளுக்குள் மறைந்திருந்தது. பூச்சிக்கடியால் கால்கள் புண்ணாகி வாலஸ் பல நாள்கள் குடிசையிலேயே முடங்கினார். மரக்கிளைகளில் ஓலை மறைவு கட்டிக் காத்திருக்கும் தீவு மக்களே அப்பறவையின் வழக்கங்களை நன்கறிந்திருந்தனர். அவர்களிடமிருந்து அவர் கற்றார். மறு ஆண்டு பச்சான் தீவில், அவர் பெயரையே பின்னர்ப் பெற்ற மற்றொரு சொர்க்கப்பறவையை முதலில் கொண்டுவந்தவரும் அலி என்னும் மலாய் இளைஞரே.

கையிலிருந்த அழகு வாலஸைச் சிந்திக்க வைத்தது. காண்போர் இல்லாத காட்டில் எத்தனையோ தலைமுறைகளாக இப்பறவைகள் பிறந்து மறைந்துள்ளன. எனவே உயிர்கள் மனிதனுக்காகப் படைக்கப்பட்டவை அல்ல என்று அவர் தெளிந்தார். நாகரிக மனிதன் இக்காடுகளை அடைந்தால், தான் வியக்கும் உயிர்களையே அழித்துவிடுவான் என்றும் வருந்தினார். பறவைகளைச் சுட்டு, தோல்களை விற்று வாழ்ந்தவரும் அவரே. அந்த வருத்தம் அவரையும் சேர்த்தே சுட்டியது.

இயற்கைத் தேர்வு பற்றிய அவருடைய கட்டுரை, 1858 ஜூலை 1 அன்று டார்வினின் எழுத்துகளோடு இலண்டனில் படிக்கப்பட்டது. தம் பயண நூலை 1869இல் வெளியிட்டு அதனை டார்வினுக்கே உரிமையாக்கினார். 1913இல் வாலஸ் மறைந்தார். காட்டின் அழகு காண்பவனுக்கு உடைமை அன்று என்னும் அவரது தெளிவு இன்றும் நம்மை நோக்கி நிற்கிறது.