விற்பவர் எழுதாத மருந்துக் குறிப்பு: சேனக பிபிலே விட்டுச்சென்ற பாடம்

பொல்பிட்டிய, நோர்ட்டன்பிரிட்ஜ், ஹட்டன் என்று எந்தக் கடைத்தெருவுக்குப் போனாலும் இன்று ஊட்டச்சத்து மா டப்பாக்களைக் காணலாம். இரத்தம் ஊறும், பிள்ளை உயரும், மூட்டுவலி போகும் என்கின்றன அவற்றின் மேலுறைகள். இதையே சொல்லும் பதிவுகள் பேஸ்புக்கிலும் வட்ஸ்அப்பிலும் சுற்றுகின்றன. சில சுகாதாரக் கட்டுரை போலவே எழுதப்பட்டிருக்கின்றன. அவற்றை எழுதியவர் யார், அதற்குப் பணம் கொடுத்தவர் யார் என்பது எங்கும் இல்லை.

இந்தக் கேள்வியை அறுபது ஆண்டுகளுக்கு முன்னரே மருந்து விடயத்தில் எழுப்பி, பதிலையும் செய்துகாட்டியவர் பேராசிரியர் சேனக பிபிலே. மருந்துக் கொள்கை பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் தென்னிலங்கையில் அவரது பெயர் உச்சரிக்கப்படுகிறது. தமிழில் அவரைப் பற்றி எழுதப்பட்டது குறைவு.

நிலவுடைமைக் குடும்பத்திலிருந்து இடதுசாரி அரசியலுக்கு

1920 பெப்ரவரி 13ஆம் திகதி பிறந்தவர் பிபிலே. குடும்பம் ஊவாவின் பிபிலையைச் சேர்ந்த நிலவுடைமைக் குடும்பம். கண்டி திரித்துவக் கல்லூரியில் படித்து, கொழும்பு மருத்துவக் கல்லூரியில் 1945இல் வைத்தியராகத் தேறினார். பின்னர் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் மருந்தியலில் கலாநிதிப் பட்டம் பெற்றார். 1952இல் நாடு திரும்பிக் கற்பித்தலில் இறங்கினார். 1958இல் இலங்கையின் முதலாவது மருந்தியல் பேராசிரியரானார். 1960களின் பிற்பகுதியில் பேராதனை மருத்துவ பீடத்தின் பீடாதிபதியாக இருந்து, மருத்துவக் கல்வியை மாற்றியமைப்பதில் ஈடுபட்டார். அரசியலில் அவர் லங்கா சமசமாஜக் கட்சியின் பக்கம் நின்றார்.

வைத்தியருக்குக் கற்பித்தது யார்?

ஒரு வைத்தியர் மருத்துவக் கல்லூரியை விட்டு வெளியேறிய பின்னர் வரும் புதிய மருந்துகளைப் பற்றி அவருக்குச் சொல்பவர் யார் என்பதே பிபிலேயை உறுத்திய கேள்வி. அன்றைய நிலையில் பெரும்பாலும் அது மருந்துக் கம்பனியின் விற்பனைப் பிரதிநிதிதான். அவர் அழகாக அச்சிட்ட துண்டுப்பிரசுரத்தையும் இலவச மாதிரியையும் கொடுத்துவிட்டுப் போவார். அந்தப் பிரசுரத்தில் மருந்தின் நன்மை பெரிய எழுத்திலும் தீமை சிறிய எழுத்திலும் இருக்கும். அதே மருந்தை வேறொரு கம்பனி குறைந்த விலைக்கு விற்கிறது என்ற தகவல் இருக்கவே இருக்காது.

இதற்கு மாற்றாக 1950களின் இறுதியில், வைத்தியசாலைகளுக்கான மருந்துக் கையேடு ஒன்றை உருவாக்கும் பணியில் பிபிலே முன்னின்றார். மருந்துகள் வணிகப் பெயரில் அல்லாமல் பொதுப் பெயரில் பட்டியலிடப்பட்டன. எது தேவை, எது வீண் என்று குழு ஒன்று ஆராய்ந்து முடிவெடுத்தது. கூடவே, மருந்துகளை மதிப்பிடும் குறிப்பேடு ஒன்றும் வைத்தியர்களுக்கு வெளியிடப்பட்டது.

ஊடகக்காரரின் கண்ணால் பார்த்தால் இது ஒரு பதிப்பு முயற்சி. எழுதுபவருக்கு விற்பனையில் பங்கு இருக்கக்கூடாது, விளம்பரதாரருக்கு உள்ளடக்கத்தில் குரல் இருக்கக்கூடாது, நன்மையோடு தீமையும் விலையும் சொல்லப்பட வேண்டும் என்பவையே அதன் அடிப்படை. இன்று நாம் ஆசிரியபீடச் சுதந்திரம் என்று சொல்வதும் இதைத்தான்.

2,100இலிருந்து 600

1970இல் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்கவின் ஐக்கிய முன்னணி ஆட்சிக்கு வந்தது. கம்யூனிஸ்ட் கட்சித் தலைவரும் வைத்தியருமான எஸ்.ஏ. விக்கிரமசிங்கவும் பிபிலேயும் இணைந்து 1971இல் மருந்து இறக்குமதி பற்றிய அறிக்கையொன்றைக் கையளித்தனர். அதே ஆண்டு அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவானது. அதன் முதல் தலைவர் பிபிலே.

தனியார் துறைக்காக இறக்குமதியான ஏறத்தாழ 2,100 மருந்துகள் 600 அளவுக்குக் குறைக்கப்பட்டன. பல பெயர்களில் வந்த ஒரே மருந்தும், பயன் நிரூபிக்கப்படாத கலவைகளும் வெளியே போயின. எஞ்சியவற்றை உலகளாவிய கேள்விப்பத்திரம் மூலம் மொத்தமாக வாங்கியதால் விலை இறங்கியது. அந்நியச் செலாவணி இல்லாமல் பாணுக்கு மக்கள் வரிசையில் நின்ற காலம் அது.

எதிர்ப்பும் வந்தது. பொதுப் பெயரில் மருந்து எழுதுவதை வைத்தியர்களில் ஒரு பகுதியினர் தமது தொழிற்சுதந்திரத்தில் கைவைப்பதாகப் பார்த்தனர். கூட்டுத்தாபனம் மலிவாக வாங்கிய டெட்ராசைக்ளின் மூலப்பொருளைப் பயன்படுத்துமாறு பைசர் கம்பனியின் உள்ளூர்த் தொழிற்சாலையிடம் கேட்கப்பட்டபோது, தரத்தைக் காரணம் காட்டி அக்கம்பனி மறுத்தது. அமெரிக்கத் தூதுவர் பிரதமரிடம் தலையிட்டார். அரசு பின்வாங்கியது.

1976இல் பிபிலே கூட்டுத்தாபனத்தை விட்டு விலகி, ஐ.நா.வின் வர்த்தக, அபிவிருத்தி அமைப்பின் ஆலோசகராகப் பணியாற்றினார். பொருளியலாளர் சஞ்சய லாலுடன் இணைந்து, இலங்கையின் அனுபவத்தை 1977இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். அதே ஆண்டு செப்டெம்பர் 29ஆம் திகதி, பணி நிமித்தம் சென்றிருந்த கயானாவில் இறந்தார். வயது 57. அந்த மரணத்தில் சந்தேகம் எழுப்பியவர்கள் உண்டு, எதுவும் நிறுவப்படவில்லை. அடுத்த மாதமே உலக சுகாதார ஸ்தாபனம் தனது முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டது. 1982இல் பங்களாதேஷ் இதே வழியில் தனது மருந்துக் கொள்கையை அமைத்தது.

நாம் எப்படி வாசிப்பது?

தமிழ் வாசகர்கள் பிபிலேயின் கதையைக் கேள்வியில்லாமல் ஏற்க முடியாது. அவரது கொள்கையை நடைமுறைப்படுத்திய அதே ஆட்சிதான் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தலைக் கொண்டுவந்தது. 1972 அரசியலமைப்பையும் தந்தது. 1973, 74இல் தோட்டங்களில் மக்கள் பட்டினியால் செத்ததும் அந்த ஆட்சியில்தான். மலிவு மருந்து வந்த நாட்டில் லயத்து அறைக்கு அரிசி வரவில்லை.

இன்னொன்றும் உண்டு. தகவல் கம்பனியின் கையிலிருந்து அரசின் கைக்கு மாறினால் மட்டும் அது சுதந்திரமாகிவிடாது. 2009இன் தொடக்கத்தில் வன்னியில் எஞ்சியிருந்தவர்கள் சுமார் 70,000 பேர் என்று அரசு சொன்னது. போர் முடிந்தபோது முகாம்களுக்குள் வந்து சேர்ந்தவர்கள் ஏறத்தாழ 2 லட்சத்து 80 ஆயிரம் பேர். சொல்லப்பட்ட குறைந்த எண்ணிக்கைதான் அனுப்பப்படும் உணவுக்கும் மருந்துக்கும் அளவுகோலாக இருந்தது. வைத்தியசாலை என்று சொல்லப்பட்ட பாடசாலைக் கட்டடங்களில் மயக்க மருந்தில்லாமல் காயங்களுக்குச் சிகிச்சை நடந்ததை நம்மில் பலர் கண்ணால் கண்டோம். பிழையான தகவல் ஆளைக் கொல்லும் என்பதை நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

அதனால் பிபிலேயிடமிருந்து நாம் எடுக்க வேண்டியது அரசின் மீதான நம்பிக்கையை அல்ல, அவரது அளவுகோலை. எழுதுபவர் வேறு, விற்பவர் வேறு என்பதே அது. அந்த அளவுகோல் கம்பனிக்கும் பொருந்தும், அரசுக்கும் பொருந்தும், விளம்பரத்தில் ஓடும் இணையத்தளங்களுக்கும் பொருந்தும்.

சத்து மாவும் சட்டமும்

பிபிலேயின் கொள்கையைச் சட்டமாக்கும் கோரிக்கை பல ஆண்டுகள் இழுபட்டு, 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமாக வந்தது. மருந்துக்கும் உணவுக்கும் இடைப்பட்ட எல்லைக்கோட்டுப் பொருட்களும் அதன்கீழ் வருகின்றன. உணவு என்றால் 1980ஆம் ஆண்டின் உணவுச் சட்டம். ஊட்டச்சத்துப் பொருட்கள் இந்த இரண்டு சட்டங்களுக்கும் நடுவில்தான் உலவுகின்றன. மேலுறையில் உணவு என்று இருக்கும், விளம்பரத்தில் மருந்தாகப் பேசும்.

2016ஆம் ஆண்டின் குடிசன, சுகாதார ஆய்வின்படி ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாடு முழுவதும் 17 சதவீதம். நுவரெலியா மாவட்டத்தில் 32 சதவீதம். இந்தக் கவலைதான் டப்பா விற்பவரின் சந்தை. நாட்சம்பளத்தில் ஒரு பங்கை அந்த மாவுக்குக் கொடுக்கும் தாய், முட்டைக்கும் பருப்புக்கும் நெத்தலிக்கும் போக வேண்டிய காசைக் கொடுக்கிறாள். கிளினிக்கில் இலவசமாகக் கிடைக்கும் இரும்புச்சத்துக் குளிசையும் திரிபோஷாவும் விளம்பரமில்லாததால் மதிப்பில்லாதவையாகத் தோன்றுகின்றன. வடக்கில், காயத்தோடு வாழ்பவர்களுக்கு வெளிநாட்டு உறவுகள் அனுப்பும் விற்றமின் போத்தல்களின் கதையும் இதிலிருந்து தூரமில்லை.

சுகாதாரம் பற்றி எழுதும் தமிழ் ஊடகங்கள் செய்யக்கூடியது அதிகமில்லை, கடினமுமில்லை. பணம் வாங்கிப் போடுவதை விளம்பரம் என்று தலைப்பிலேயே சொல்லலாம். பொருளை விற்பவர் எழுதிய கட்டுரையை வைத்திய ஆலோசனைப் பகுதியில் போடாமல் விடலாம். பக்கவிளைவையும் விலையையும் மலிவான மாற்றையும் சேர்த்து எழுதலாம். பிழை வந்தால் அதே இடத்தில் திருத்தலாம்.

வாசகருக்கு இரண்டு கேள்விகள் போதும்: இதை எழுதியவர் யார்? நான் இதை வாங்கினால் அவருக்கு என்ன கிடைக்கும்? பதில் கிடைக்காத பக்கத்தை நம்பி டப்பாவைத் தூக்கும் முன், குடும்பநல மாதுவிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.