தறிக்கு மூளை தந்தவர்!

பட்டுக்குப் பேர்போன ஊர், பிரான்சு நாட்டின் லியோன். அங்கே 1752-ல் நெசவாளி மகனாகப் பிறந்தார் ஜோசப் ஜக்கார்டு.

அந்நாளில் பூவேலைப் பட்டு நெய்ய, தறிக்கு ஒரு சிறுவன் வேண்டும். நாள் முழுவதும் கயிறு இழுத்துப் பாவு நூலைத் தூக்கவேண்டும். பிஞ்சு உடம்பு என்ன ஆகும்!

முன்னோர் முயன்றதைத் திருத்தி, 1804-ல் ஜக்கார்டு வழி கண்டார். துளையிட்ட அட்டைகளைக் கோத்துத் தறியில் ஓடவிட்டார். துளை இருந்தால் நூல் எழும்பும், இல்லாவிட்டால் எழும்பாது. அட்டையை மாற்றினால் பூ மாறும். தறி அதேதான்! இன்று துணி துவைக்கும் இயந்திரத்துக்குக் கட்டளை இடும் "சாப்ட்வேர்" இந்த அட்டையின் வாரிசே.

சிறுவன் தப்பினான், அவன் கூலியும் போயிற்று. பிழைப்பு போகுமென்று அஞ்சி, லியோன் நெசவாளர்கள் ஜக்கார்டைக் கடுமையாக எதிர்த்தார்கள். அந்தப் பயத்தைக் குறை சொல்ல முடியுமா?

1834-ல் ஜக்கார்டு காலமானார். 1840-ல் அதே லியோன் அவருக்குச் சிலை வைத்தது!