கல்லறை தொலைந்த கடைசிச் சக்கரவர்த்தி

எகிப்து நாட்டு மன்னர்கள் செத்த பிறகும் வாழ்வு உண்டென்று நம்பியவர்கள். பொன்னும் மணியும் கூடவே வைத்துப் புதைத்து, திருடன் கண்ணில் படாதபடி மலையைக் குடைந்து கல்லறையை ஒளித்தார்கள். அப்படி மறைந்து கிடந்த துட்டன்காமன் என்ற இளம் மன்னரின் கல்லறையை, ஹோவர்ட் கார்ட்டர் என்ற ஆங்கிலேயர் பல வருஷம் தேடி, 1922 நவம்பரில் கண்டுபிடித்தார். அதன் படிக்கட்டு, பழங்காலத்துக் கூலியாட்கள் தங்கிய குடிசைகளுக்கு அடியில் இருந்தது.

அங்கே மன்னர்களே தங்கள் கல்லறையை மறைத்தார்கள். ஆனால் இந்தியாவின் கடைசி முகலாயச் சக்கரவர்த்தியின் கல்லறையை, அவரை வென்ற வெள்ளைக்காரர்கள் மறைத்தார்கள். திருடனுக்குப் பயந்து அல்ல, ஜனங்கள் அவரை நினைத்துக்கொண்டே இருப்பார்களே என்று பயந்து! அவர்தான் இரண்டாம் பகதூர் ஷா.

பாபர், அக்பர் வம்சத்தில் வந்த இவர் 1775 அக்டோபர் 24-இல் டில்லியில் பிறந்தார். 1837-இல் பட்டத்துக்கு வந்தபோது வயது அறுபதைத் தாண்டிவிட்டது. சக்கரவர்த்தி என்பது பேருக்குத்தான். செங்கோட்டை மதிலுக்கு வெளியே எல்லாம் கும்பினிக்காரன் ராஜ்யம். அவன் கொடுத்த பென்ஷன் பணத்தில்தான் அரண்மனை நடந்தது. வாளைவிட எழுதுகோலே அவருக்குப் பிரியம். ‘ஜபர்’ என்ற புனைபெயரில் உருதுக் கவிதைகள் எழுதினார். புகழ்பெற்ற கவிஞர் காலிப் அவருடைய சபையில் இருந்தார். இந்துக்களின் பண்டிகைகளிலும் கலந்துகொண்ட நல்ல மனம் படைத்தவர் அவர்.

1857 மே 11-ஆம் நாள் மீரட்டிலிருந்து சிப்பாய்கள் கிளம்பி வந்து, எங்களுக்குத் தலைமை தாருங்கள் என்று கோட்டை வாசலில் நின்றார்கள். அப்போது அவருக்கு 81 வயது. படையும் இல்லை, பணமும் இல்லை. தயங்கினார், பிறகு சம்மதித்தார். அவர் பெயரைச் சொல்லி இந்துவும் முஸ்லிமும் ஒன்றாய் நின்று போராடினார்கள்.

நாலே மாதத்தில் டில்லி விழுந்தது. கிழவர் தம் முன்னோரான ஹூமாயூனின் கல்லறை மாளிகையில் தஞ்சம் புகுந்து, அங்கேயே பிடிபட்டார். மறுநாள் சரணடைந்த அவருடைய இரண்டு பிள்ளைகளையும் ஒரு பேரனையும் ஹாட்சன் என்ற அதிகாரி வழியிலேயே சுட்டுக் கொன்றான். 1858-இல், தம் சொந்தக் கோட்டையிலேயே குற்றவாளியாக அவரை நிறுத்தி விசாரித்து, ரங்கூனுக்கு நாடு கடத்தினார்கள். கவிஞராகிய அவருக்குப் பேனா, மை, தாள் எதுவும் கொடுக்கக் கூடாதென்று உத்தரவு!

1862 நவம்பர் 7-ஆம் நாள் விடியற்காலையில், 87-ஆம் வயதில் அவர் உயிர் பிரிந்தது. அன்று சாயங்காலமே காவல் வீட்டு வளாகத்திற்குள் குழி தோண்டிப் புதைத்து, தரையோடு தரையாக மட்டம் செய்து, மேலே புல் கரணை பதித்துவிட்டார்கள். சுற்றிலும் ஒரு மூங்கில் வேலி. வேலி உளுத்து விழுவதற்குள் புல் மூடிவிடும், அடையாளம் தெரியாது என்பது அவர்கள் போட்ட கணக்கு.

கணக்கு பாதிதான் பலித்தது. இடம் மறந்துபோனது, மனிதர் மறக்கப்படவில்லை. 1905-இல் ரங்கூன் முஸ்லிம்கள் எங்கள் மன்னர் எங்கே என்று கேட்டுக் கிளர்ச்சி செய்தார்கள். 1907-இல் சர்க்கார் ஒரு கல்லை நட்டது. இந்த இடத்துக்குப் பக்கத்தில் எங்கோ புதைக்கப்பட்டார் என்று மட்டுமே அதில் பொறித்தார்கள். சக்கரவர்த்திக்கே ஒரு கல் கிடைக்க 45 ஆண்டு ஆயிற்று, பார்த்தீர்களா?

1943-இல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் அங்கே வந்து அஞ்சலி செலுத்தினார். அவருடைய இந்திய தேசிய ராணுவத்தில், நமது மலாயாத் தோட்டங்களில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த தமிழர்கள் எத்தனையோ பேர் சேர்ந்திருந்தார்கள். பெண்களும் துப்பாக்கி ஏந்தினார்கள். ஆனால் நேதாஜி வணங்கி நின்ற இடமும் உண்மையான கல்லறை அல்ல! 1991 பிப்ரவரி 16-ஆம் நாள், அந்தத் தர்காவின் பின்புறம் சாக்கடை வெட்டிய தொழிலாளர்களின் கருவி செங்கலில் பட்டது. சுமார் 25 அடி தள்ளி, மூன்றடி ஆழத்தில், செங்கல் கட்டிய குழிக்குள் மன்னரின் எலும்புக்கூடு இருந்தது. 128 ஆண்டுகளாக மறைந்திருந்ததை வெளிக்கொண்டு வந்தது கூலிக்காரன் கைதான்.

பெற்றோர்களே, மாணவ மணிகளே! சயாம் ரயில் பாதை போடப் போய் மாண்ட நம் தோட்டத் தமிழர்களில் பெரும்பாலோருக்குக் கல்லும் இல்லை, கல்லறையும் இல்லை. இங்கே காஹாங் வட்டாரத்திலும் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தாத்தா பாட்டியைப் புதைத்த இடத்தைக் காட்டக்கூடிய பெரியவர்களும் ஒவ்வொருவராய்ப் போய்க்கொண்டிருக்கிறார்கள். நமக்காக எந்தக் கார்ட்டரும் தேடி வரப்போவதில்லை. ஆகவே பிள்ளைகளே, இன்று பரிசாகக் கிடைக்கும் நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் உங்கள் பாட்டன் பூட்டன் பெயரையும், அவர் எந்த ஊரிலிருந்து வந்தார், எங்கே அடங்கியிருக்கிறார் என்பதையும் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். புல் முளைத்துக்கொண்டேதான் இருக்கும். பெயரைக் காப்பாற்றுவது நம் கையில் இருக்கிறது.