பரிசுப் பட்டியலில் இல்லாத பெயர்

மருத்துவ நோபல் பட்டியலைப் பார்க்கும்போதெல்லாம், அதில் இடம்பெறாத ஒருவரையே நான் நினைத்துக்கொள்கிறேன். அவர் நில்ஸ்-ஓக் ஹில்லார்ப். 1916-ல் பிறந்த ஸ்வீடன் நாட்டுத் திசுவியல் அறிஞர்.

மூளையில் டோபமின் நரம்புச் செய்தியைக் கடத்துகிறது என்று ஹில்லார்ப்பின் ஆய்வுத் தோழர் அர்விட் கார்ல்சன் கருதினார். 1960-ல் லண்டனில் கூடிய அறிஞர்கள் பலர் அதை ஏற்கவில்லை. வாதத்தால் தீராததைக் கண்ணால் காட்ட முனைந்தார் ஹில்லார்ப். பெங்ட் ஃபால்க்குடன் இணைந்து, உறையவைத்து உலர்த்திய திசுவை ஃபார்மால்டிஹைடு ஆவிக்கு உட்படுத்தினார். நுண்ணோக்கியின் கீழ் டோபமின் பச்சையாகவும் செரட்டோனின் மஞ்சளாகவும் ஒளிர்ந்தன. அவை நரம்பணுக்களுக்குள்ளேயே உறைவது ஐயமின்றிப் புலப்பட்டது.

இம்முறை வெளியான 1962-லேயே அவர் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் பேராசிரியரானார். அங்கே அவருடைய இளம் மாணவர்கள் மூளையின் டோபமின் பாதைகளை வரைபடமாக்கினர். அப்பணி முழுமையுறும் முன், 1965-ல், புற்றுநோயால் அவர் மறைந்தார். வயது 48. கார்ல்சனுக்கு நோபல் கிடைத்தது 2000-ல். மறைந்தவர்கள் அப்பரிசுக்கு உரியவரல்லர்.

ஹில்லார்ப் கண்டது உயிரற்ற திசுவின் அசையாக் காட்சி. 2018-ல் அறிமுகமான, புரதத்தாலான ஒளிர் உணரிகளோ உயிருள்ள எலியின் மூளையில் டோபமின் எழுந்து அடங்குவதை அக்கணமே காட்டுகின்றன. நுட்பம் வேறு, கண்ணுக்குப் புலப்படாததை ஒளியால் காணும் வேட்கை ஒன்றே. பரிசுப் பட்டியலை அறிவியல் வரலாறாகக் கொள்வோர் இத்தகையோரை இழந்துவிடுவர் என்பதே என் கவலை.