கடல் நீலத்தில் தொடங்கி கேஸ் டர்பைன் வரை... சர் சி.வி.ராமன் கண்டுபிடிச்சது இன்னைக்கும் எப்படி உதவுது?

மின் நிலையங்களில் ஓடும் கேஸ் டர்பைன்களின் புகையைக் குறைக்க, எரியும் தீயைத் தொடாமலேயே அதுக்குள்ள என்ன இருக்குன்னு அளக்கணும். அதுக்கு வழி காட்டியவர் திருச்சியில் பிறந்த ஒரு தமிழர். யார் அவர்? பார்க்கலாம்.

அரசு வேலையை விட்டவர்

1888 நவம்பர் 7-ல் பிறந்த ராமன், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர். 1907-ல் கொல்கத்தாவில் நிதித்துறை அதிகாரி ஆனார். பகலில் ஆபீஸ், காலையும் மாலையும் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் ஆராய்ச்சி. இப்படியே 10 வருஷம் ஓடியது. 1917-ல் நல்ல சம்பள வேலையை உதறிவிட்டு, குறைந்த சம்பளத்தில் கொல்கத்தா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆனார்.

கப்பலில் வந்த கேள்வி

1921-ல் கப்பல் பயணத்தின்போது மத்தியதரைக் கடலின் நீல நிறம் அவரை யோசிக்க வைத்தது. வானத்தின் பிரதிபலிப்புதான் காரணம் என்ற விளக்கத்தை அவர் ஏற்கவில்லை. நீர் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று காட்டினார்.

தேடல் அதோடு நிற்கவில்லை. 1928 பிப்ரவரி 28-ல், விருதுநகர் மாவட்டம் வத்திராயிருப்பைச் சேர்ந்த கே.எஸ்.கிருஷ்ணனுடன் சேர்ந்து புது உண்மையை உறுதி செய்தார். சிதறும் ஒளியில் ஒரு சிறு பகுதி நிறம் மாறுகிறது. எவ்வளவு மாறுகிறது என்பது மூலக்கூறைப் பொறுத்தது. அதாவது, ஒவ்வொரு மூலக்கூறுக்கும் ஒரு கைரேகை!

அதே மாதம் மாஸ்கோவிலும் விஞ்ஞானிகள் படிகங்களில் இதையே கண்டிருந்தனர். ஆனால் ராமன் முந்திக்கொண்டு வெளியிட்டார். 1930-ல் நோபல் பரிசு அவருக்குத்தான்.

டர்பைனுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

எரிவாயுவும் காற்றும் சரியா கலக்கலைன்னா, எரிவாயு அதிகம் சேர்ந்த இடத்தில் சூடு எகிறும். சுமார் 1,500 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் நைட்ரஜன் ஆக்சைடு மளமளவென உருவாகும். காற்றைக் கெடுக்கும் நச்சு இது. அதனால் எரிக்கும் முன்பே நிறைய காற்றோடு சீராகக் கலந்துவிடுவதுதான் தீர்வு.

கலவை சீரா இருக்கான்னு எப்படித் தெரியும்? கருவியை உள்ளே விட்டால் காற்றோட்டமே மாறிடும். அதனால் ஆய்வுக்கூடத்தில், குவார்ட்ஸ் ஜன்னல் வைத்த எரிகலனுக்குள் லேசர் ஒளியைப் பாய்ச்சுகிறார்கள். திரும்பி வரும் நிறங்களை வைத்து மீத்தேன், ஆக்சிஜன், நைட்ரஜன் ஒவ்வொன்றும் எவ்வளவு என்று கணக்கிடுகிறார்கள். ஜெர்மனியின் டிஎல்ஆர், அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகங்கள் தீச்சுடரை இப்படி அளந்துள்ளன.

ஒரு சிக்கலும் உண்டு. நிறம் மாறும் ஒளி மிக மிகக் குறைவு. ராமனிடம் இருந்தது சூரிய ஒளியும் பாதரச விளக்கும்தான். 1960-ல் லேசர் வந்த பிறகே இந்த முறைக்கு முழு பலம் கிடைத்தது.

கடைசி வரை ஆராய்ச்சி

1933-ல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் முதல் இந்திய இயக்குநர் ஆனார். 1948-ல் ராமன் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். 1954-ல் பாரத ரத்னா பெற்றார். 1970 நவம்பர் 21-ல் காலமானார்.

அவர் கண்டுபிடிப்பை உறுதி செய்த பிப்ரவரி 28-ஐத்தான் நாம் தேசிய அறிவியல் தினமாகக் கொண்டாடுகிறோம்.